பெரியம்மா ஆடிய ஜப்பான் லீக்

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளின் வாட்சப் குழுவில் ஒருவன் ஒரு படம் போட்டான். சாம்பல் நிறத்தில் ஒரு கேம் கேசட். அதன் மேல் காலைத் தூக்கிப் பந்தை உதைக்கும் ஒரு ஜப்பான்காரன். "யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று கீழே கேட்டிருந்தான். அவ்வளவுதான். தலை வழுக்கையானவன், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவன், பேரப்பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தவன், எல்லோரும் இதயமாகக் கொட்டினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "ஜோக்கர் ஏன்டா சத்தத்தைக் காணோம்?" என்று ஒருவன் கேட்டும் விட்டான்.

கோபம், ஐயா. அதுதான் காரணம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஏற்கெனவே இரண்டு மாத்திரை விழுங்குகிறவன் நான். ஒரு பிளாஸ்டிக் கேசட்டுக்காக மூன்றாவதைப் போட வைத்துவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன், குறையட்டும்.

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில் போனால் அலமாரிக்குள் தட்டுகள் பேசிக்கொள்ளும் வீடு என்பது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பா ஷா ஆலமில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் குமாஸ்தா. அவருக்கு வாயில் யாழ்ப்பாணத்து "ஓம்". எனக்கும் அக்காவுக்கும் பிரிக்பீல்ட்ஸ் "ஆமாலா". அரசாங்கமே கிழக்கைப் பார், ஜப்பானைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குப் பார்த்தார். ஜப்பான்காரன் நேரத்துக்கு வருவான், ஜப்பான்காரன் துண்டுப் பேப்பரின் பின்பக்கத்திலும் எழுதுவான், ஜப்பான்காரன் சாப்பிடும்போது பேச மாட்டான். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்த இடம் ஜப்பான்காரனுக்குத்தான்.

ஒரு நாள் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கினார். ஊருக்குத் திரும்பிப்போன ஓர் எஞ்சினியர், தன் மகன் விளையாடியதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே டிவியில் சொருகும் விளையாட்டுப் பெட்டி, விசைகள் வைத்த இரண்டு பிடிகள், ஒரே ஒரு கேசட். ஜப்பான் லீக் பந்தாட்டம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை எல்லாம் ஜப்பான் எழுத்து.

"விளையாட்டுச் சாமானை என்னத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று அம்மா கேட்டாள்.

"இது விளையாட்டில்லை. பாஷை," என்றார் அப்பா. "ஜப்பான்காரன் சும்மா ஒரு சாமான் செய்ய மாட்டான். இதைப் பாத்துப் பாத்துத் தம்பிக்கு எழுத்துப் பிடிபடும்."

உலகத்திலேயே டியூஷன் என்று நினைத்து வீடியோ கேம் அனுமதித்த ஒரே தகப்பன் அவராகத்தான் இருக்க வேண்டும். உங்கள் அப்பாக்கள் எல்லாம் பிடியைப் பிடுங்கி ஒளித்து வைத்தார்கள். என் அப்பா என்னை உட்கார வைத்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கவனமா விளையாடு" என்றார். தினமும் ஏழிலிருந்து எட்டுவரை. எனக்கு மட்டும். அக்கா பதினாறு வயதில் நான்காம் படிவம், நான் பதின்மூன்று வயதில் முதலாம் படிவம். அவளுக்கு அந்த நேரத்தில் அடுப்படியில் வேலை இருந்தது. எனக்கு என்றைக்குமே அடுப்படியில் வேலை இருந்ததில்லை.

அந்தப் பெட்டி ஜப்பான் மின்சாரத்துக்குச் செய்தது. நேராகச் சொருகினால் புகைதான் வரும் என்று கிள்ளானில் மின்சாமான் கடைக்காரர் சொல்ல, அப்பா அவரிடமே ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். செங்கல் கனம். ஓடும்போது வண்டு மாதிரி முனகும், அரைமணியில் தோசைக்கல் மாதிரி சுடும். படமும் எங்கள் டிவிக்கு ஒத்துவராமல் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. அந்த லீக்கில் எல்லா அணிகளும் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஆடின என்பது எனக்கு நாற்பது வயதில், ஒரு வீடியோ பார்த்தபோதுதான் தெரிந்தது. நாங்கள் பார்த்தது வெளிர் சாம்பலுக்கும் கரும் சாம்பலுக்கும் நடந்த சண்டை. நான் பல நாள் எதிரணிக்குப் பந்து கொடுத்து வளர்த்தேன்.

விளையாட்டைவிட மோசம் அதன் பட்டியல்கள். ஒவ்வொரு திரையிலும் ஆறு ஏழு வரி. எது என்னவென்று தெரியாது. கோல்கீப்பரை மாற்றப் போய் ஆட்டத்தையே கைவிட்டிருக்கிறேன். சேமித்து வைத்த லீக் ஆட்டங்களை இரண்டு முறை அழித்தேன். மூன்றாவது முறை அழித்தபோது அக்கா பிடியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பாவின் பேருந்து வரும்வரை இருந்த நேரம் அவளுடையது. அம்மா பகலில் கண் அயர்வாள். அக்கா டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் மேசை விசிறியை வைத்துவிட்டு ஆடுவாள். அப்பா வந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்ப்பார் என்பது தெரியும். பக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு வரியாக அமுக்கிப் பார்த்து, என்ன நடக்கிறதென்று கண்டுபிடித்து, இடப்பக்கம் அந்த ஜப்பான் எழுத்தை வரைந்து வலப்பக்கம் அர்த்தம் எழுதினாள். ஆள் மாற்று. அணிவகுப்பு. சேமி. அழி. "இதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று "அழி"க்குப் பக்கத்தில் எனக்காக ஒரு குறிப்பு.

பிறகு ஒரு நாள் ஆட்டக்காரர்களின் பெயரை மாற்றும் திரை கண்ணில் பட்டது. எழுத்துகள் முழுதும் வரிசையாகக் கட்டம் கட்டி நின்றன. அக்கா பிடியைக் கீழே வைத்துவிட்டு டிவிக்கு அருகே தவழ்ந்து போனாள்.

"டேய், எண்ணு. ஒரு வரிசைக்கு எத்தன?"

"அஞ்சு."

"அடுத்த வரிசை?"

"அஞ்சு. ஏன்?"

"இது நம்ம உயிர்மெய் மாதிரிதான்டா இருக்கணும். க, கி, கு, கெ, கொ. அப்புறம் ச வரிசை, த வரிசை. நெடில் மட்டும் இல்ல. இவ்வளவுதானா? இதுக்குப் போய் அப்பா இந்த ஆட்டம் ஆடுறாரு?"

அணிகளின் பெயர் ஒரு திரையில் ஆங்கிலத்திலும் இன்னொரு திரையில் ஜப்பான் எழுத்திலும் இருந்தது. இரண்டையும் பொருத்தி, எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். மூன்று வாரம் ஆனது. வாத்தியார் இல்லை, அகராதி இல்லை, நான் ஒருவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்று உதவினேன்.

எழுத்து பிடிபட்டதும் அவள் செய்த முதல் காரியம், ஓர் அணியின் பதினொரு பேரையும் எடுத்துவிட்டு எங்கள் குடும்பத்தை இறக்கியது. கிள்ளான் பெரியம்மா நடுக்களம், ஏனென்றால் எல்லாப் பந்தும் அவள் வழியாகத்தான் போகும். அம்மா வலது ஓரம், ஓடிக்கொண்டே இருப்பாள். நான் கோல்கீப்பர். "அடி வாங்க ஒரு ஆள் வேணும்ல." அப்பா தடுப்பாட்டம். "அவரத் தாண்டி ஒன்னும் போவாது." முன்னால், ஒன்பதாம் எண்ணில், அக்கா. ஆள் பற்றாமல் எதிர்வீட்டுப் பூனையையும் இடது ஓரத்தில் ஆட வைத்தாள். நிஜ ஜப்பான்காரர்கள் பதினொரு பேர் வீட்டுக்குப் போனார்கள், பெரியம்மா லீக்கில் மூன்றாவது இடத்துக்கு ஏறினாள்.

இதுவரை நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன்.

ஒரு மாலை, என் ஏழுமணி டியூஷனில், அந்த அணியோடு ஆடிக்கொண்டிருந்தேன். கோல் விழுந்ததும் அடித்தவரின் பெயர் பெரிதாக வரும். அப்பா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"உதில என்ன எழுதியிருக்கு?"

"அம்மா."

"என்ன?"

"அம்மாப்பா. அம்மா பேரு. இங்க பாருங்க, இது பெரியம்மா. இது நீங்க."

"நானோ? நான் எங்க நிக்கிறன்?"

"முன்னால. நீங்கதான் கோல் அடிக்கிறது."

பொய்யிலும் மரியாதையான பொய். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே விட்டார்.

"ஆர் எழுதினது?"

அடுப்படியில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. எனக்குக் கேட்டது, கூட்டாளிகளே. இன்றைக்கும் யாராவது தேங்காய் துருவுவதை நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பேன்.

"நான்தான்," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துருவும் சத்தம் மறுபடி கேட்டது. கொஞ்சம் வேகமாக.

அந்த மாதம் தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊழியர்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஜப்பான் மொழி வகுப்பு. ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம். நன்றாகச் செய்கிறவர்களைப் பள்ளி முடிந்ததும் ஜப்பானுக்கே தொழில்நுட்பம் படிக்க அனுப்புவார்கள். அப்பா அதை எங்களுக்குச் சொன்னபோது புட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பியின் கொப்பியை மேலாளரிடம் காட்டப் போவதாகச் சொல்லி, அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். அக்காவின் நோட்டுப் புத்தகம்.

"அப்பா, நான் போறேன்," என்றாள் அக்கா.

"நீ எங்க போறாய்?"

"அந்த கிளாஸுக்கு. இந்த வருசம் ஆரம்பிச்சா எஸ்.பி.எம். பரீட்ச முடியறப்ப எனக்குச் சரியா வரும். தம்பிக்கு இன்னும் நாலு வருசம் இருக்கு."

"கொப்பி அவன்ர. நீ அதைப் பாத்து ரெண்டு எழுத்துப் பழகியிருப்பாய்."

"அது என் புக்குப்பா."

"உன்ர எண்டு எங்க எழுதியிருக்கு?"

அக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். "சொல்லுடா."

ஒரே வரி. "அக்காதான் எழுதினா." எவ்வளவு சின்ன வரி. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு மணி நேர ஆட்டம் போயிருக்கும். ஊர் முழுக்க "என்ர மகன் ஜப்பான் எழுதுவான்" என்று சொல்லித் திரிந்த அப்பாவின் முகம் ஒரு நாள் கறுத்திருக்கும். ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தாலும் சிரிக்க வைத்துத் தப்பித்தவன். அன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்தேன்.

"அக்கா என்னோட ஸ்டூடண்ட்தாம்பா," என்றேன். "நல்லாப் படிக்குது. ஹோம்வொர்க்தான் ஒழுங்கா செய்யறதில்ல."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது, வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று சிரித்தாள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய் நெடுநேரம் கழுவினாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஜோக்குகளில் அதிகம் எடுபட்டது அதுதான். நீங்கள் என்னை எப்போது ஜோக்கர் என்று கூப்பிட்டாலும் எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம் கேட்கும், தெரிந்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமை அப்பா என்னைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார். தலைமுடிக்கு எண்ணெய், கழுத்துக்குப் பவுடர், தீபாவளிச் சட்டை. மேலாளர் ஒல்லியான ஜப்பான்காரர், தொழிலாளர்கள் போட்டிருந்த அதே சாம்பல் மேல்சட்டை. நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவசரமே இல்லை. கடைசிப் பக்கங்களில் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டியல் இருந்தது. நானே அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் ஊர்ப் பெயர்களை எல்லாம் அக்கா ஜப்பான் எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறாள். அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். "சராக்கு செராத்தான்" என்று ஒன்றை வாசித்து, யோசித்து, சாலாக் செலாத்தான் என்று புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஓர் இடத்தில் பிழை இருந்தது போலும். பென்சிலை எடுத்து, அச்சு மாதிரி பக்கத்தில் திருத்தி எழுதினார்.

பிறகு ஒரு தாளில் மூன்று எழுத்து எழுதி என்னிடம் நீட்டினார். வாசிக்கச் சொன்னார்.

எனக்கு ஜப்பான் மொழியில் தெரிந்ததெல்லாம் பத்துச் சொந்தக்காரர்களும் ஒரு பூனையும்தான். அந்தத் தாளில் இருந்தது அவர்களில் யார் என்று தேடினேன்.

"பெரியம்மா," என்றேன்.

அது அவருடைய பெயர் என்று அவரே சொன்னார். சிரிக்கவில்லை. நான் அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். என் முகத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை மூடி, இரண்டு கையாலும் பிடித்து அப்பாவிடம் நீட்டி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "இதை எழுதிய பிள்ளையை அடுத்த சனிக்கிழமை கூட்டி வாருங்கள். இடத்தை வைத்திருக்கிறேன்."

"யெஸ் சார்," என்றார் அப்பா.

திரும்பி வரும் பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாதி வழி தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அந்த புக்கு அக்கா எழுதினது."

"தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"கொப்பியைத் திறந்த அண்டைக்கே. அவளுக்குப் பென்சில் பிடிக்கப் பழக்கினவன் நான். அவளின்ர எழுத்து எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன்..."

"அவள் நாளைக்குக் கலியாணம் கட்டிப் போயிடுவாள். ஜப்பான் பாஷையை வச்சு அங்க என்ன செய்யிறது? அவளிட்ட இருந்து நீ பழகியெடுப்பாய் எண்டு நினைச்சன். நீ ரெண்டு மாசமா என்னடா செய்தனி?"

பாருங்கள். திட்டு எனக்கு விழுந்தது. அவர் கண்ணில் அங்கே நடந்த ஒரே தப்பு, நான் அக்காவிடமிருந்து ஒழுங்காகத் திருடவில்லை என்பதுதான்.

"அடுத்த சனிக்கிழமை அக்காவக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"அவளுக்குப் பரீட்சை எண்டு சொல்லிவிடுறன். நீ வீட்ட போய் வாய் திறவாத."

அக்காவுக்கு அப்போது பரீட்சை எதுவும் இல்லை.

அப்பா செய்தது அநியாயம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அவர் செத்த அன்று வீட்டுக்கு வந்த ஆட்கள் "பிள்ளைகளின்ர படிப்புக்காக வாழ்ந்த மனுசன்" என்று சொல்லிச் சொல்லி அழுதபோது, நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துத் தோளைத் தட்டினீர்களே, உங்களில் இரண்டு பேர். துக்கம் இல்லை ஐயா, அங்கேயே இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

ஆனால் அவர்மேல் மட்டும் கோபப்பட்டுவிட்டுத் தப்பித்துவிட முடியாது. திங்கள், செவ்வாய், புதன். ஏழு நாள் இருந்தது. ஒவ்வொரு மதியமும் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அந்த ஜப்பான்காரர் உன்னத்தான் கேட்டாரு, இடம் வச்சிருக்காரு" என்று சொல்ல வாய் ஒன்று போதும். சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். அப்பா கூட்டிப்போகாவிட்டால் பேருந்து மாறி மாறித் தனியாகவே ஷா ஆலம் போயிருப்பாள். போனால் என் வண்டவாளம் வெளியே வரும். பெரியம்மாவுக்குத் தெரியும், கோயிலில் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் இன்டர்வியூ எப்படி இருந்தது என்று அவள் கேட்டபோது, "அந்தாளு பேரு பெரியம்மானு நெனச்சிட்டேன்கா" என்ற பாதியை மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப இடம் போச்சா?" என்றாள். "போச்சு," என்றேன். "சரி விடு," என்று என் தலையைத் தட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது, போனது. அப்பா வேலைக்குப் போனார். அக்கா பின்பக்கம் துணி காயப் போட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் துணியைக் கொடியில் போடும்வரை நேரம் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போனதும் சொன்னேன். நல்லவனாகும் ஆசை, இனி ஒன்றும் ஆகாது என்று உறுதியான பிறகு வருகிறது பாருங்கள், அந்த வகை ஆசை. மேலாளர் சொன்னது, பேருந்தில் அப்பா சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த சனிக்கிழம?"

"நேத்து."

"நேத்து வரைக்கும் இடம் இருந்துச்சு?"

"ஆமா."

"அப்பாக்கு அது என் எழுத்துனு தெரியும்?"

"தெரியும்."

"உனக்கு அதுக்கு ஏழு நாள் முன்னாடியே தெரியும்."

அக்கா கத்தியைக் கழுவி வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் பெட்டியைப் போட்டாள். ஒரு பிடியை என் மடியில் எறிந்தாள்.

"உக்காரு."

அவள் எங்கள் குடும்ப அணி. எனக்கு எதிரணி. முதல் ஆட்டம் ஏழு சைபர். எழப் போனேன். "உக்காருடா." இரண்டாவது ஆட்டம் பதினொன்று சைபர். அவள் கோபமாக விசையை அமுக்கவில்லை. பந்து பின்னாலிருந்து பெரியம்மாவிடம், பெரியம்மாவிடமிருந்து அம்மாவிடம், அம்மாவிடமிருந்து ஒன்பதாம் எண்ணிடம். ஒவ்வொரு கோலுக்கும் அவளுடைய பெயர், அவளே கண்டுபிடித்த எழுத்தில், திரை முழுதும். என் கட்டைவிரல் வலித்தது. அழுதுகொண்டே ஆடினேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா, அம்மா. நான் பிடியைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா வைக்கவில்லை. நெற்றியில் திருநீறோடு அப்பா உள்ளே வந்து, அவள் பின்னால் வந்து நின்றார். ஆளில்லாத என் அணி களத்தில் அசையாமல் நிற்க, அவள் அவர்களை ஒவ்வொருவராகக் கடந்து போனாள். கோல். திரையில் அவள் பெயர். அப்பா அதை வாசிக்க முடியாமல் பார்த்தார்.

"காணும் பிள்ளை," என்றார். குரல் வழக்கம்போல் இல்லை. "எழும்பு. தம்பி விளையாடட்டும்."

"இன்னும் நேரம் இருக்குப்பா," என்றாள் அக்கா. நான் கீழே வைத்த பிடியின் விசையை ஒரு தட்டுத் தட்டி, நடுவிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கினாள்.